அரைப் பேர்

தராசு பேசுவது எனக்குப் புரியும்.
கோண அடைப்புக்குள் ஒரு இலக்கம்,
பிறகு புள்ளி,
புள்ளிக்குப் பின் ஒரு எட்டு.

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேலே,
நெட் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே மூலையில் என் மேசை.
கீழே மஸ்கெலியா பஸ் ஆள் சேர்க்கிறது.
மேலே நான்
இரண்டு கணினிகளுக்கு இடையில் குந்தியிருக்கிறேன்.

மடுவத்துத் தராசு ஒன்று சொல்லும்,
கொழும்புச் சம்பள சேர்வர் வேறொன்றைக் கேட்கும்.
நடுவில் வரும் மெசேஜைப் பிரித்து
உள்ளே கைவைத்து
திரும்ப ஒட்டி அனுப்புவது என் கோட்.
உறை கிழிந்த அடையாளம் இருக்காது.
அதுதான் திறமை என்று
நேர்முகத் தேர்வில் நானே சொல்லியிருக்கிறேன்.

நடுக்கணக்கு டிவிஷன், இலக்கம் 4417.
பெயர் செல்லக்கிளி.
குடும்பப் பெயர் இல்லாமல் சேர்வர் ஏற்காது.
மூன்று நாள் திருப்பித் திருப்பி அனுப்பியது.
நாலாம் நாள்
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.
இப்போது எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
அந்த ஒரே புள்ளிதான் குடும்பம்.

இதற்கு நான் சிரித்தேன். ருவந்தியும் சிரித்தாள்.

அடுத்த வேலை எடை.
சாக்குக்கு ஒரு கிலோ கழி.
தண்ணீருக்கு ஒரு கிலோ கழி.
புள்ளிக்குப் பின் வருவதை வெட்டு.
மூன்று வரி. தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிட்டது.

டெஸ்டுக்கு உண்மையான மெசேஜ் ஒன்றை எடுத்தேன்.
உள்ளே போனது 21.8.
வெளியே வந்தது 19.
பிழை இல்லை. சிவப்பு எழுத்து இல்லை.
பச்சையில் ஒரு சரி.

இருபது கிலோவுக்குத்தான் பேர்.
இருபதுக்குக் கீழே அரைப் பேர்.
இதைக் கொழும்பில் விளக்க வேண்டி வரவில்லை,
யாரும் கேட்கவில்லை.
அம்மா அரைப் பேரோடு வந்த நாட்களில்
சட்டி கழுவும் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

மாசி மாதம்.
ஜன்னலுக்கு வெளியே தகரங்கள் வெயிலில் முறுகின.
நாலு கிழமையாகத் துளி இல்லை.
எழுதிக் கேட்டேன்:
தண்ணீர் ஒரு கிலோ, மழை நாளுக்கு மட்டுமா?
பதில் வந்தது:
நிலையான எண்ணாகவே இருக்கட்டும்,
மழையைச் சரிபார்க்கத் தரவு இல்லை.

உண்மைதான். மழை மெசேஜ் அனுப்புவதில்லை.

இரவு பதினொன்றுக்கு
இன்னொரு வரி சேர்த்தேன்.
கழிப்பதற்கு முன்
தராசு சொன்னதைச் சொன்னபடியே
தனி இடத்தில் எழுதி வைக்கும் வரி.
எதையும் மாற்றாது. எதையும் கூட்டாது.
21.8, அவ்வளவுதான்,
சம்பளத் துண்டின் அடியில், சின்ன எழுத்தில்.

காலையில் ருவந்தி கோட் பார்த்தாள்.
அவள் பகிர்ந்த திரையில்
அம்புக்குறி அந்த வரியில் வந்து நின்றது.
இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டாள்.
பிழை கண்டுபிடிக்க, என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
அவள் வீட்டு நாய் குரைத்தது கேட்டது.
பிறகு அனுமதித்தாள்.

பத்தாந் திகதி துண்டு கொடுப்பார்கள்.
செல்லக்கிளி அதை மடித்துச் சட்டைக்குள் வைக்கலாம்.
மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.
இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பார்க்கிற யாரோ
மடுவத்துக்கு வந்து குரல் உயர்த்தலாம்.
பழைய கடைச் சீட்டுகளோடு சேர்ந்து
அப்படியே அடுப்புக்குப் போனாலும் போகலாம்.
தெரியாது. என் கோட் அதுவரை போகாது.

கழிக்கிற மூன்று வரியும் என்னுடையதுதான்.
அவற்றை நான் அழிக்கவில்லை.

ஆறு மணிக்குப் பனிமூட்டம் வந்து டவரை விழுங்கியது.
தோட்டத்து மெசேஜ்கள்
பிரட்டில் நிற்பதுபோல் வரிசையில் நின்றுவிட்டன.
விடியற்காலை சிக்னல் திரும்பியதும்
ஒவ்வொன்றாக இறங்கி வரும்.
18.2.
22.4.
20.9.
நான் முழித்திருக்க வேண்டியதில்லை.
கோட் முழித்திருக்கும்.