பதினோரு நாள்

எம்.சி. ரோட்டில்
புடவைக் கடைகளுக்கு இடையே ஒடுங்கிய படியேறி
லேப்டாப் வாங்கினேன்.
நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு,
பதினெட்டு மாதத் தவணை.
ஒரு பை, ஒரு மவுஸ்,
கைக்குட்டையில் பாதி அளவுக்குத்
திரை துடைக்கும் துணி, இலவசம்.

"இதான்க்கா லேட்டஸ்ட்" என்றான்
கடைப்பையன் இர்ஷாத்.
பொய்யில்லை.
அன்றைக்கு அதுதான் லேட்டஸ்ட்.

பதினோராம் நாள்
கட்டைவிரல் தள்ளிய போக்கில் போனில் வந்தது:
அதே பெயர், வால் எண் மட்டும் ஒன்று கூடி.
இன்னும் மெலிசு.
ஒரு தடவை சார்ஜ் போட்டால்
ஆறு மணி நேரம் கூடுதலாக நிற்குமாம்.
விலை அதேதான்.
விலையாவது ஏறித் தொலைத்திருக்கலாம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் என் வீட்டுக்காரன்.
"ஓடுதா?" என்றான்.
ஓடுது.
"அப்புறம் இன்னா?"
அப்புறம் என்னவென்று
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியோடு கிளம்பினேன்.
திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை
இன்னும் உரிக்கவில்லை,
அதுதான் என் சாட்சி.
கொருக்குப்பேட்டை கேட்டில்
எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ
இறங்கும் கட்டைக்கு அடியில் குனிந்த மாதிரி தப்பித்தது.
நான் இந்தப் பக்கத்தில் முதல் ஆள்.
ஒவ்வொன்றாய் எண்ணினேன்
நாற்பத்தோரு எண்ணெய் வேகன்.
நேரம் போகவேண்டுமே.

கடையில் என்னுடையது இருந்த அதே இடத்தில்
அது இருந்தது,
மாலை போடாத குறையாக.

"ஏழு நாள்தான்க்கா மாத்துவாங்க."
"புதுசு வரப்போவுதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"
இர்ஷாத் கீழே பார்த்தான்.
ரப்பர் பேண்டு சுற்றிய அவன் போன்
மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.
"தெரியும்க்கா.
பழசு ரெண்டு நின்னுது.
ரெண்டும் போனாத்தான் எனக்கு..."
முடிக்கவில்லை.

நான் கத்தியிருக்கவேண்டும்.
கத்தத்தான் வந்தேன், வரும் வழியெல்லாம்
வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

ஆனால் காசிமேட்டில்
ஏலம் எழுதுகிறவள் நான்.
விடிகாலை நாலரைக்கு
ஒரு கூடை சங்கரா நாலாயிரத்துக்குப் போகும்போது
ரெண்டு போட்டு முகத்துவாரத்தில் வருவது
ஏலக்காரருக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
வயர்லெஸ் என் காதுக்குப் பக்கத்தில்தான் கரகரக்கும்.
சொல்ல மாட்டோம்.
ஆறு மணிக்கு அதே சங்கரா ரெண்டாயிரத்து எழுநூறு.
நாலரைக்கு வாங்கியவர்கள்
ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை.
இருசம்மாள் மட்டும் ஒருநாள்
கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
என்னையே பார்த்தாள்.
நான் நோட்டில் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த நோட்டுக்குப் பதிலாகத்தான்
இந்த லேப்டாப்.

படியிறங்கினேன்.
கேட் திறந்தே இருந்தது,
அவசரமில்லாத நேரத்தில் அது எப்போதும் திறந்தே இருக்கும்.
ராத்திரி
கண்ணாடித் தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தேன்.
சங்கரா செதிலைப் போலச் சுருண்டு
விரலை விட்டுப் போகமாட்டேன் என்றது.

மறுநாள் விடிகாலை
ஐஸ் பெட்டிமேல் சாக்கு விரித்து அதன்மேல் லேப்டாப்.
ஏலக்காரர் எட்டிப் பார்த்தார்:
"புது மாடலா?"
"இல்ல" என்றேன். வாயில் வேறொன்றும் வரவில்லை.

முதல் போட்டு சரக்கு இறங்கியது.
மூவாயிரத்து எண்ணூறு,
ஒரு தரம்.
வயர்லெஸ் கரகரத்தது, மூணு போட்டு, நிறைய சங்கரா.
இருசம்மாள் கையைத் தூக்கினாள்.

நான் இருமினேன்.
இன்னொரு தரம், சத்தமாக,
அவளைப் பார்த்தே இருமினேன்.

ரெண்டு தரம்.

இருசம்மாள் திரும்பினாள்.
"பனி ஒத்துக்கல உனக்கு,
இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்று சொல்லி
கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூவாயிரத்து எண்ணூறு என்று அடித்தேன்.
விசைகள் புதுசு,
கொஞ்சம் அழுத்தவேண்டியிருந்தது.