பச்சைத் திரை

முக்கூடல் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சந்தில் என் கடை.
கரண்ட் போய்த் திரும்பி வந்த பதினோரு மணிக்கு
பட்டுக்கனி வந்து நின்றார்.
நகக்கண்ணில் பீடித்தூள்,
முந்தானை முடிச்சில் பென்டிரைவ்.

"சத்தம் வருது தம்பி, படம் வரல.
மூணு மாசமா இப்படித்தான்.
வீடியோ காலுக்கு அங்க தடையாம்."

போட்டேன்.
திரை முழுக்க வாழையிலைப் பச்சை.
பச்சைக்குள் இருந்து
ஓமானில் கிரேன் ஓட்டும் ஒருவர்
கணக்குச் சொன்னார்:
சீட்டுக்கு நாலாயிரம்,
ஆழ்வார்குறிச்சி அடகுக்கு வட்டி,
மோட்டார் ஸ்டார்ட்டர் விழுந்தால்
சிவப்பை அமுக்கிப் பிடி, விடு, பிறகு பச்சை.
நான் நல்லா இருக்கேன்.

"சொன்னதெல்லாம் செஞ்சாச்சு.
ஸ்டார்ட்டர்கூட இப்ப எனக்கு அடங்குது.
அவுக மொகந்தான்..."

புதுப் போனில் எடுத்த படம். என் பிளேயர் பழசு,
அந்தச் சுருக்கெழுத்தை அதற்குப் படிக்க வராது.
அழித்தேன்.
ஆரஞ்சுக் கூம்பு போட்டதை இறக்கினேன்.
கடைமடைக்கு வரும் தண்ணீர் போல
வந்துகொண்டே இருந்தது நெட்.
அதிலும் படம் கட்டங்கட்டமாய் உடைய,
ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்தேன்.

வந்துவிட்டது.
இரும்புக் கட்டில், தொங்கும் சட்டைகள்,
மீசை எடுத்த முகம்.
ஆனால் சொல் முந்தியது, உதடு பிந்தியது.
இது எனக்குப் பிடித்த வியாதி.
கே பட்டனை ஒரு தட்டுத் தட்டினால்
சத்தம் ஐம்பது மில்லிசெகண்ட் பின்வாங்கும்.
ஐம்பது. நூறு. நூற்றைம்பது.
உதட்டையே பார்த்திருந்தேன்.
'நல்லா'வுக்கும் வாய்க்கும்
இன்னும் ஒரு மயிரிழை இருந்தது.

"நிறுத்துங்க."

"கொஞ்சம் பின்னால போங்க."

போனேன்.
அவர் உதட்டைப் பார்க்கவில்லை.
படத்தின் கீழோரம், போர்வைக்கு வெளியே,
இடது கை.
மூன்று விரலுக்கு அளவெடுத்த கட்டு.

கடையம் பஸ் ஹாரன் அடித்துப் போனது.
பட்டுக்கனி தன் இடது கையை விரித்து,
கட்டுக்கு இருபத்தைந்து பீடி எண்ணும் வேகத்தில்
விரல்களை மடக்கினார்.
மறுபடியும்.

"எம்புட்டு?"
"அம்பது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர்
திரும்பி ஏறினார்.
"வீட்ல அத்தை இருக்காவ தம்பி.
சத்தம் மட்டும் வாற மாதிரி
பழையபடி ஆக்கித் தர முடியுமா?"

முடியும். மெனுவிலேயே இருக்கிறது.
பதினொரு செகண்டில் முடிந்துவிட்டது.