கசிவு

மல்லாவிப் பிரதேச சபைக் கந்தோரில்
தண்ணீர் பவுசரின் ஓட்டக் குறிப்பைப் பதிகிறவள் நான்.
எந்தக் கிராமம், எத்தனை லீற்றர், எவ்வளவு கசிவு.
மிச்ச நேரத்தில்
பழைய படிவங்களின் பின்பக்கத்தில் ஒரு நாவல்.

அதில் சாருமதி என்றொருத்தி.
அவளுக்கு எல்லாம் விளங்கும்.
கூட்டத்தில் ஆர் பொய் சொல்கிறார்,
எந்தக் கடிதத்துக்குப் பதில் வராது,
எந்தக் குளம் மாரி முழுக்கப் பெய்தாலும் நிரம்பாது.
அதனால் அவளுக்கு நித்திரை இல்லை.
பத்து அத்தியாயம். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.
நான்தான் விடவில்லை.
சிரித்தால் அவளுடைய மூளையை
வாசிக்கிறவர்கள் நம்புவார்களா?

(உயர்தரச் சோதனையில் மாவட்டத்தில் இரண்டாவதாய் வந்தவள் நான்.
சந்தோசமாய் இருப்பது
அப்போதிருந்தே எனக்குக் கொஞ்சம் வெட்கம்.)

சந்தோசம் முழுவதையும் வேலும்மயிலுக்குக் கொடுத்தேன்.
கதையில் அவன் பவுசர் ஓட்டுகிறவன்.
ஒன்றையும் யோசிக்கமாட்டான்.
ஹோர்ன் அடித்து மயில்களைக் கலைப்பான்,
பாலைப்பழம் தின்று உதடு ஒட்ட ஒட்டப் பாடுவான்,
குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு நனைவான்.
'மொக்கன், ஆனால் நல்லவன்' என்றெழுதி
கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

உண்மையில் பவுசர் ஓட்டுகிறவன் யோகசீலன்.

ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை,
வெற்றுப் படிவமென்று நினைத்து
அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
திங்கள் காலை மேசையில் வைத்தான்.
டீசல் மணம். எட்டாம் அத்தியாயத்தில் கிறீஸ் விரல்.

"வாசிச்சனீரோ?"
"பாண்டியன்குளத்திலை வரிசை நீளம். வாசிச்சன்.
அந்தப் பிள்ளை நல்லாய் வந்திருக்கு, மிஸ்.
மற்றவன்தான் பிழை."

கோபப்படுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் திறப்புக்கோர்வையில்
ஏதோ ஒரு திறப்பைத் தேடிக்கொண்டு சொன்னான்:

"ஆறாயிரம் லீற்றர், எழுபத்துமூண்டு வீடு.
சும்மா திறந்துவிட்டால் கடைசி ஒன்பது வீடும் காயும்.
இண்டைக்கு மேற்காலை தொடங்கினால்
நாளைக்குக் கிழக்காலை தொடங்கவேணும்.
யோசிக்காமல் இதெல்லாம் நடக்குமே?
பிள்ளையளை நனைக்கிற தண்ணியும் கணக்கிலை இருக்கு.
முப்பது லீற்றர். கசிவெண்டு எழுதித் தாறன்.
நீங்கள்தானே பதியிறனீங்கள்."

பிறகு, வாசலில் நின்று,
"மாத்தளனிலை தண்ணி கேட்டவையையும் எண்ணினவன்தான் நான்.
எனக்கும் நித்திரை குறைவு.
அதையும் அவனுக்கு எழுதிவிடுங்கோ,
பாட்டை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ."

பவுசர் கிளம்பிப் போனது.
வளைவில் ஹோர்ன் கேட்டது.

பேரேட்டை விரித்தேன்.
கசிவு: முப்பது. முப்பது. முப்பது.
இரண்டு வருடம், என் உருண்டைக் கையெழுத்தில்.
ஒரு பங்குனி நாளில் மட்டும் அறுபது.
அன்றைக்கு எத்தனை பிள்ளைகள்?
வால்வை மாற்றச் சொல்லி
பொறியியல் பகுதிக்கு இரண்டு கடிதம் போட்டவளும் நான்தான்.
பதில் வரவில்லை.
அது மட்டும் எனக்கு முதலே தெரிந்திருந்தது.

மொக்கனை அழித்தேன்.
இழுத்த கோட்டின் தடம் தாளில் நின்றது,
மறுபக்கத்திலும் புடைத்துக்கொண்டு.

பதினோராம் அத்தியாயத்தில்
சாருமதியைச் சிரிக்கவைக்க மூன்று இரவு பாடுபட்டேன்.
முதலாம் இரவு குழந்தை கொடுத்தேன், பொய்யாய் இருந்தது.
இரண்டாம் இரவு மழை. அதுவும் பொய்.
அழவைக்க ஒருநாளும் இவ்வளவு மை செலவானதில்லை.

மூன்றாம் இரவு
அவளை என் கதிரையில் இருத்தி
பேரேட்டைக் கொடுத்தேன்.
நான் இரண்டு வருடம் காணாததை
அவள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டாள்.
எல்லாம் விளங்குகிறவள் அல்லவா.
கசிவின் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தாள்.
முறைப்பாடு எழுதுவாள் என்று பயந்தேன்.

பேனையை எடுத்து
இன்றைய முப்பதை முப்பத்தைந்தாய்த் திருத்தினாள்.

அந்த ஐந்து லீற்றர் ஆருக்கென்று
நான் இன்னும் எழுதவில்லை.