நிற்க நினைத்தால் மட்டும்

கத்திப்பாரா மேம்பாலத்தின் இறக்கத்தில்
கால் பிரேக்கைத் தொட்டதும்
ஸ்டியரிங் நடுங்கியது,
குளிர்ஜுரக்காரரின் மணிக்கட்டைப் பிடித்த மாதிரி.
காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது.
எண்பதில் போகும்போது ஒன்றுமில்லை.
நிற்க நினைத்தால் மட்டும்தான்.

காரில் நாலு பேர்.
போரூரிலிருந்து தரமணி வரை
பெட்ரோலுக்குப் பங்கு போட்டு வருகிறோம்.
காரணங்களை இலவசமாகத் தந்தார்கள்.
வீல் பேலன்ஸ், என்றார் முன்சீட்டு ஜெபமணி.
அதுவானால் பிரேக் போடாமலே ஆடுமே.
டயரில் கல் சிக்கியிருக்கும், என்றாள் ஃபர்ஹானா,
கண்ணைத் திறக்காமல்.
"வேளச்சேரித் தண்ணில சூட்டோட இறக்குனீங்கல்ல,
அன்னிக்கே டிஸ்க் வளைஞ்சிருக்கும்"
என்றார் வைத்தமாநிதி.
வளைந்துவிட்டது என்று சொல்வதில்
எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

நான் பார்த்தது வேறு.
ஜெபமணியின் தண்ணீர் பாட்டிலில்
வட்டம் வட்டமாய் அலை.
பின்சீட்டில் இரண்டு பேரும்
வாய் பிளந்து தூங்குகிறார்கள்.
அவர்கள் முதுகுக்கு எட்டாதது
என் உள்ளங்கைக்கு வருகிறதென்றால்
கோளாறு முன்சக்கரத்தில்.
தூங்குகிறவர்களும் சாட்சி சொல்லலாம்.

சனிக்கிழமை, வளசரவாக்கம்.
இருசப்பன் டிஸ்க்கின் முகத்தில்
டயல் கேஜின் மூக்கை வைத்து
கையால் மெல்லச் சுற்றினான்.
முள் போனது, வந்தது.
"பத்துக்கா. நூத்துல பத்து மில்லிமீட்டர்.
அஞ்சுக்கு மேல இருக்கக்கூடாது."
கொஞ்சம் தடித்த ஒரு தலைமுடி.
அதற்கா இந்த ஆட்டம்?

விளிம்பின் அழுக்கைத் துடைத்து
செதுக்கியிருந்த எண்ணைக் காட்டினான்:
குறைந்தபட்சம் இருபது.
இருந்தது இருபது புள்ளி மூன்று.
கடைசல் போட்டால் தேறாதா?
"போடலாம். இருபதுக்குக் கீழ போயிடும்.
காசு வாங்கிக்குவேன்.
அப்புறம் எனக்குத் தூக்கம் வராது."

புதுப்பேட்டையில் பழசு ஒரு ஜோடி,
எந்த வண்டி எங்கே மோதி நின்றதோ.
விலை மட்டும் நேராக இருந்தது.
ஜி.பி. ரோட்டில் நாலு பெட்டியை அடுக்கினார் கடைக்காரர்.
துளை போட்டது. கோடு கீறியது.
"ரேஸுக்குப் போறவங்க வாங்குறது மேடம்."
நான் தரமணிக்குப் போகிறவள்.
ஊர்கிற நெரிசலுக்கு ஓட்டை எதற்கு?
விட்டம் அளந்து, உயரம் அளந்து,
போல்ட் துளைகளை எண்ணி,
சாதா டிஸ்க், நடுவில் காற்றுப் போகிற வகை,
துருப்பூச்சு போட்டது,
ஜோடியாகவே வாங்கினேன்.
பேடும் புதுசு. பழைய பேடுக்குப் பழைய ஞாபகம் இருக்கும்.

கழற்றிய டிஸ்க்கை வெயிலில் திருப்பினான்.
பளபளப்பின் நடுவே மங்கலாய் ஒரு கட்டம்.
பேடின் அச்சு, அதே அளவு, அதே வளைவு.
"பாலத்துலேர்ந்து சூடா இறங்கி
சிக்னல்ல மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே நிப்பீங்களா?"
தினமும்.
வளைந்திருக்கவில்லை, ஒட்டியிருந்தது.
வேளச்சேரித் தண்ணீர் இல்லை,
என் வலது கால்.

ஹப்பில் கடுகுப் பொருக்காய்த் துரு.
அரைமணி நேரம் கம்பி பிரஷ் போட்டான்.
"இத விட்டுட்டு மாட்டினா
தங்கத்துல டிஸ்க் போட்டாலும் ஆடும்."
நட்டுகளை ஏர் கன்னால் அடிக்காமல்
எதிரெதிராக, அளவு பார்த்து முறுக்கினான்.

ஞாயிறு விடியலில், வெளிவட்டச் சாலையில் தனியாக
அறுபதிலிருந்து பதினைந்துக்கு, மறுபடி அறுபதுக்கு,
பத்து முறை.
முழுசா நிக்கவே கூடாது, என்று சொல்லியிருந்தான்.
கருகிய வாசனை வந்தது, போனது.
ஒரு லாரிக்காரர் என்னைக் குடிகாரி என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை. அதே இறக்கம்.
பாட்டிலில் தண்ணீர் சும்மா சாய்ந்து நிமிர்ந்தது.
சிக்னலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக்
காலை எடுத்தேன்.
யாரும் கவனிக்கவில்லை.
"தண்ணி காஞ்சிடுச்சு போல" என்றார் வைத்தமாநிதி,
அரைத்தூக்கத்தில்.
மாதக் கடைசியில் பெட்ரோல் பங்கு வந்தது.
டிஸ்க்குக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
அச்சு என்னுடையது. நானும் சொல்லவில்லை.