குப்பி எண் பதினேழு

காலை எட்டரைக்கு ஆசாரிபள்ளத்தில்
தாசையனின் வயிற்றைத் திறந்தோம்.
பேச்சிப்பாறையில் ரப்பர் வெட்டுகிறவர், வயது முப்பத்தாறு.
கணையம் என்று புத்தகம் சொல்வது
மென்மஞ்சளாய் நீண்டு கிடக்கும் ஓர் இலையை.
இவருக்குள்ளே இருந்ததோ
மரப்பட்டையில் காய்ந்து இறுகிய ஒட்டுப்பால்.
விரலுக்கு வழிவிடவில்லை.

நாளத்தை நீளவாக்கில் கீறியதும்
கல் வந்தது. மறுபடி கல்.
ஸ்டீல் கிண்ணத்தில் விழும்போது ஒவ்வொன்றுக்கும்
ஒரு சின்னச் சத்தம்.
பதினொன்று வரை எண்ணிய சிஸ்டர் பெர்சிலா
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்.
சீஃப் குடலை இழுத்துத் தையல் தொடங்க,
பட்டாணி அளவு சதையோடு
நான் ஓடினேன்.

ஓடினேன் என்றால் நிஜமாகவே.
கையில், குளச்சலிலிருந்து நெய்மீன் வந்த தெர்மோகோல் பெட்டி.
மூன்று முறை சோப்புப் போட்டும்
கடல் போகவில்லை அதிலிருந்து.
மாடி லேபில் இருக்கும் திரவ நைட்ரஜன்
கால்நடை ஆஸ்பத்திரியில் கடன் வாங்கியது.
போன வாரம் வரை
காளைகளின் வித்தைக் காத்த குளிர்.

குப்பியில் பெயர் எழுதக் கூடாது.
யாருடையது என்று தெரியாமல் எண்ணினால்தான்
எண்ணிக்கை நேர்மையாக இருக்கும்.
அந்த விதியை எழுதியவளும் நான்தான்.
வெட்டுகிறவள், சுமக்கிறவள், எண்ணுகிறவள்
மூவரும் ஒருத்தியாக இருக்கும் இடத்தில்
யார் கண்ணை யார் கட்டுவது?

ரவுண்ட்ஸ் முடிய இரவு பதினொன்று.
ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாடி சுற்றியும்
ஆடிக் காற்றில் எங்களுக்குக் கரண்ட் போகும்.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
ஃப்ரீசர் கதவில் உள்ளங்கை வைத்து நிற்பேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
நான் செல்களை எண்ணிய அந்த மாதத்தில்
ஜினேஷ் இருபத்திரண்டு ஹெர்னியா போட்டிருந்தான்.

லென்ஸுக்கடியில் நீலம்.
நாரெல்லாம் நீலம்.
நட்சத்திரச் செல் என்று அழகாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
காயத்தைத் தைக்க வந்தவை அவை;
போதும் என்று சொல்ல ஆளில்லாததால்
தைத்துக்கொண்டே இருக்கின்றன.
எனக்காவது சீஃப் இருக்கிறார்:
"முடிச்சப் போடு, வெளிய வா."

ஆறாம் நாள் டிரெயினை எடுக்கும்போது
தாசையன் கேட்டார்:
"டாக்டரே, எனக்க சதைய கொண்டு போனியளே,
அது என்னமாம் பறைஞ்சுதா?"
இன்னும் இல்லை என்றேன்.
"மரச்சீனிதான் காரணம்னு ஒருத்தரு சொன்னாரு.
நாலு வருசமா தொடல்ல.
வீட்டுல அவிக்கிற அன்னைக்கு
ரோட்டுல போயி நிப்பேன், மணம் வராத தூரத்துக்கு."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னேன்:
அப்படி ஒரு காலத்தில் நினைத்தார்கள்.
உறுதியாக யாருக்கும் தெரியாது.
எனக்கும்.

ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
"அப்பம் அந்த நாலு வருசம்?"

என் படிவத்தில்
சர்க்கரைக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு,
குடிப்பவரா என்பதற்கு ஆம், இல்லை உண்டு.
ரோட்டில் நின்ற சாயங்காலங்களை
எங்கே எழுதுவது?

அன்று இரவு பதினேழாம் ஸ்லைடை
நான் எண்ணவில்லை.
டியூட்டி ரூமில் ஷூவோடு தூங்கிய ஜினேஷை
உலுக்கி எழுப்பி மாடிக்குக் கூட்டிவந்தேன்;
மறுநாள் அவனுடைய டிரெஸ்ஸிங் முழுக்க என் பொறுப்பு என்று பேரம்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் எண்ணினான்,
நூற்று நாற்பதில் தவறி
முதலிலிருந்து மறுபடியும்.

"ஏ ஷெர்லின், என்னாட்டி இது, ஒரே நீலமா கெடக்கு.
ஆருக்க சதை?"

தெரியாது என்றேன்.