இரண்டாயிரத்து நானூறில்

பாகாவில் எல்லாருக்கும் நம்பர்தான் வேண்டும்.
யுகேந்திரனுக்கு நூற்றைம்பது குதிரை.
அவன் மச்சானுக்கு நூற்றைம்பத்தொன்று.
அந்தக் கடைசி ஒரு குதிரையை
லேப்டாப்பில் நானே தட்டிக் கொடுத்தேன்.
பாவம், காசு கொடுத்தவன்.

துர்காஷினி வந்தது சனிக்கிழமை,
இரவு ஷிஃப்ட் முடித்து, தாதி உடுப்போடு.
வெள்ளை கெலிசா. பானெட்டைத் தூக்கினால்
ஜப்பானில் பாதியாய் அறுத்து
கப்பலேற்றிய ஒரு காரின் டர்போ எஞ்சின்.
கிரண்டில் ஏறியிருக்கா என்றேன்.
பிளாஸ்டிக் உறையில் நான்காய் மடித்த
ஜேபிஜே தாளை நீட்டினாள்.
இந்தப் பட்டறைக்குள் நுழைந்த
முதல் ஒழுங்கான தாள்.

"வேகம் வேணாம்லா அண்ணே.
முந்தணும்."

குவாலா பிலா தாண்டி மேடு.
குலை ஏற்றிய செம்பனை லாரி
இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கும்.
கோடு உடைந்து வழிவிடும் இடம்
எண்ணிப் பார்த்தால் ஏழு மின்கம்பம்.
இவள் மிதிக்கிறாள்.
எஞ்சின் யோசிக்கிறது.
நாலு கம்பம் போன பிறகு
கூப்பிட்டியா என்று பாய்கிறது.
அதற்குள் வளைவில் எதிர்விளக்கு.

ஐந்தாம் படிவத்தில் தமிழில் கோட்டைவிட்டவன் நான்.
இலக்கணத்தில் தங்கியது ஒன்றே ஒன்று:
கண் இமைத்தால், விரல் சொடுக்கினால், ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு.
இவள் டர்போ அளபெடை.
"மாத்திரையைக் குறைக்கணும்" என்றேன்.
"எத்தனை வேளைக்கு?" என்றாள்.
முகத்தில் சிரிப்பே இல்லை.

பையன்கள் பெரிய டர்போ கேட்பார்கள்.
பெரிய சக்கரம், பெரிய சோம்பல்.
நான் அதைக் கழற்றிச் சின்னதை மாட்டினேன்.
இண்டர்கூலர் குழாயில்
முழங்கை நீளம் வெட்டி எறிந்தேன்.
கழித்த மூச்சை வைத்தே
அடுத்த மூச்சைத் திணிக்கும் யந்திரம் இது,
நடுவில் எதற்கு இத்தனை சந்து பொந்து?

ஞாயிறு விடிகாலை
எஸ்டேட் கேட்டில் நேப்பாளக் காவலர் தாப்பா
தே தாரேவை வாங்கிக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தார்.
ஆலைக்குப் போகும் நேர்ச்சாலை,
இரண்டு பக்கமும் செம்பனை,
நடுவில் ஒரு உடும்பு; அது போகும்வரை நின்றோம்.
அவள் ஓட்ட, மடியில் லேப்டாப்போடு நான்.
மூன்றாம் கியர். மிதி.
முள் எழுகிறது, பூஸ்ட் எழுகிறது,
என் கோடுகள் எல்லாம் பச்சை.

"நிறுத்துறேன். இருமுது."

எது?
"எஞ்சின். நெஞ்சுக்குள்ள. சளி மாதிரி இல்ல,
வறட்டு இருமல்."

பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
ஐயாயிரத்துக்குப் பக்கத்தில்,
பச்சைக்கு அடியில், ஒரே ஒரு சிறிய பல்.
எண்ணெய் தானாகப் பற்றி பிஸ்டனைக் கொத்தும் சத்தம்.
நாளெல்லாம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறவள்
கேட்டுவிட்டாள்.
என் இடது காதை
ஏழு வருட எக்ஸாஸ்ட் தின்றுவிட்டது
என்று யாருக்கும் நான் சொன்னதில்லை.
அவளுக்கும் சொல்லவில்லை.
தீப்பொறியை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தேன்.
நாலு குதிரை ஓடிப்போனது.
போகட்டும்.

மறுபடி மிதித்தாள்.
இரண்டாயிரத்து நானூறில்
முதுகு சீட்டில் ஒட்டியது.
சத்தமில்லை, சீறலில்லை,
கேட்டதும் எடுத்துக் கொடுத்தமாதிரி.
எத்தனை குதிரை என்று
அவள் கேட்கவேயில்லை.
பில்லில் அந்த இடம் காலி.
யுகேந்திரன் பார்த்துவிட்டு,
"என்னண்ணே, எழுத வெட்கமா?" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை
ஆறு பத்துக்குச் செய்தி வந்தது:
"ரெண்டு கம்பம்தான். நல்ல மழை."

ரெஞ்சைக் கீழே வைத்தேன்.
டர்போ பார்த்தேன், குழாய் பார்த்தேன்,
தீப்பொறி, எண்ணெய், பிரேக் கூடப் பார்த்தேன்.
டயரைப் பார்த்தேனா?