மூன்றாம் விளக்கு

பகாவ் தாண்டி, செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
பழைய துரை பங்களா. இப்போது ஹோம்ஸ்டே.
குளத்தில் மூன்றாம் விளக்கைப் போட்டால் சுவிட்ச் விழுகிறதாம்.
"நேரா குடுத்திருங்க மிஸ், ராத்திரி பர்த்டே இருக்கு"
என்கிறார் கோபிநாதன், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

விழுகிறது என்றால் அது வேலை செய்கிறது என்றேன்.
அவர் காதில் விழவில்லை.

பிரேக்கரை இறக்கிப் பூட்டினேன். சாவி என் பையில்.
டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும்
புறங்கையால்தான் தொட்டேன், பழக்கம்.

குப்புறப் படுத்து, தோள்வரை தண்ணீரில் விட்டு
அந்த ஒற்றைத் திருகைக் கழற்ற,
உள்ளே சுருட்டி வைத்த கேபிள் அவிழ்ந்து அவிழ்ந்து
விளக்கு கரையேறி உட்கார்ந்தது
கண்ணாடிக்குள் அரை டம்ளர் குளத்தோடு.

ரப்பர் வளையம் அப்பளம்போல் ஒடிந்தது.
எனக்கு முன்னே வந்தவர் சிலிக்கோனை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்.
எர்த் கம்பி இருந்த இடத்தில்
பச்சைப் பொடி.

சாமான் சிரம்பானிலிருந்து வர வேண்டும். வியாழன் ஆகும்.
கத்தினார். கூலியில் இருபது ரிங்கிட் பிடித்தார்.
சாவியை நான் கொடுக்கவில்லை.

மறந்துபோன டார்ச்சுக்காக எட்டு மணிக்குத் திரும்பினேன்.
பலூன்கள், கறிப்புகை, இருட்டாய்க் குளம்.
ஒரு சிறுமி படியில் உட்கார்ந்து காலை விட்டாள்.
"சில்லுனு இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் இருந்தது தண்ணீரில்.